அக்கா மகளும் சிங்கப்பூர் தணிக்கையும்

1

இந்த ஆவணியில் எனக்கும் கனகத்துக்கும் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் முடிந்தது. அரியலூரிலேயே இருந்திருந்தால் அந்த நாள் வந்ததும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது. நம் பக்கத்தில் கல்யாண நாளை யார் நினைவு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? இங்கே சிங்கப்பூரில் கான்வென்டில் படிக்கிற மகள் இருக்கிறாள். அவள் வைத்திருக்கிறாள். காலையில் ஒரு கேக்கைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நீட்டி, "ஹாப்பி ஆனிவர்சரி" என்றாள். கனகம் என்னைப் பார்த்து, "யாருக்கு மாமா பொறந்த நாளு?" என்று கேட்டாள்.

சரோஜாவுக்குப் பதினாலு வயது. கெட்டிக்காரி. ஆனால் தமிழ் பேசினால் நடுநடுவே கல் தட்டும். சோற்றுப் பானையை எட்டிப் பார்த்துவிட்டு "ஹாபிஸ்" என்பாள். மலாயில் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது அரியலூர் ஸ்டேஷன் வாசலில் வண்டிக்காரரிடம் "பெராப்பா?" என்று கூலி கேட்டுவிட்டு நான் முழித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னாங்க கேக்குறீங்க?" என்றார். மானம் போயிற்று.

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இப்போது அரிசி கிடைக்கிறது, வேலை இருக்கிறது, காலையில் சிராங்கூன் ரோட்டில் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மின்சார பஸ்ஸில் ஏறி ஆபீஸ் போகிறேன். சாயந்திரம் வீடு திரும்பினால் கனகம் வைத்த குழம்பு. எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத ஆளுக்குத்தான் இப்படி ஒரு வம்பு வந்து சேரும் போலிருக்கிறது.

கேக் வெட்டின அன்றுதான் தணிக்கை ஆபீசிலிருந்து எங்கள் படம் திரும்பி வந்தது. காட்டக்கூடாது என்று உத்தரவு.

2

நான் செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் முதலாளி ராவுத்தர், நம் பெரம்பலூர்ப் பக்கம் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். சென்னையிலிருந்து தமிழ்ப் படங்களை வாங்கிக் கப்பலில் வரவழைத்து, சிங்கப்பூரிலும் மலாயா ஊர்களிலும் ஓட்டுகிறார். படப்பெட்டி வந்து இறங்கியவுடன் அதைத் தணிக்கை ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். கூடவே படத்தின் கதையை இங்கிலீஷில் எழுதி மூன்று பிரதி தர வேண்டும். ஏனென்றால் அங்கே உட்கார்ந்து படம் பார்க்கிற துரைக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கதையை எழுதுகிறவன் நான்.

இந்தப் படத்தின் கதை நமக்குப் புதிதில்லை. ஒரு பையன், அவனுக்கு ஒரு அக்கா. அக்காவுக்குப் பெண் பிறக்கிறது. முதல் ரீலில் அந்தக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிறார்கள். அப்புறம் பையன் பட்டணத்துக்குப் போய்ப் படித்துப் பெரிய ஆளாகிறான். பெண்ணும் வளர்ந்து ஆளாகிறாள். நடுவில் ஒரு பணக்கார மைனர் வந்து அவளைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். கடைசி ரீலில் மாமன் வந்து சேர்ந்து தாலி கட்டுகிறான். பாட்டு நிறைய. சுத்தமான குடும்பப் படம். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு கெட்ட பார்வை கிடையாது.

படம் சுத்தம் என்று துரைக்குப் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். "கதாநாயகன் யாரோ தெருவில் போகிறவன் அல்ல, கதாநாயகியின் சொந்தத் தாயுடன் பிறந்த தம்பி" என்று எழுதி, அதன் கீழே சிவப்பு மையால் கோடும் போட்டேன். நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பதாக எனக்கு நினைப்பு. வேறு எந்த ஊர்க்காரனாவது இப்படிச் செய்வானா? நம் பக்கத்து ஆள்தான் செய்வான்.

திரும்பி வந்த காகிதத்தில் துரை என் சிவப்புக் கோட்டின் கீழேயே இன்னொரு கோடு போட்டிருந்தார். பக்கத்தில் நாலே வார்த்தை. இரத்த சம்பந்தமுள்ளவர்களின் முறைகேடான உறவைக் கொண்டாடும் படம் என்று அதற்கு அர்த்தம்.

ராவுத்தர் அதை வாங்கிப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அட என்னா வைத்தி, இப்புடிப் பண்ணிப்புட்டியே! அவன் கேக்காமயே நீயே போயி கோடு போட்டுக் காட்டிட்டு வந்துருக்கியே."

"மொதலாளி, நல்லதுன்னு நெனச்சுத்தாங்க போட்டேன்."

"ஒனக்கு நல்லது. அவனுக்கு அது எழவு. ஏன், எங்க மார்க்கத்துலயே அக்கா மவ ஹராம் தெரியுமுல்ல? நானும் ஒங்க ஊர்க்காரன், அதனால ஒண்ணும் சொல்லாம பாத்துக்கிட்டு இருக்கேன். தொரை அப்புடி இருப்பானா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவருக்கும் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். என் கனகம் என் அக்காவின் மகள்.

3

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. துரை மேல் வந்தது பாருங்கள், அது கோபம். அன்று முழுக்க என் காதில் புகை வந்தது. படத்தை வேண்டாம் என்று சொல்லட்டும், பாட்டு மோசம் என்று சொல்லட்டும். முறைகேடு என்று சொல்ல இவர் யார்? அது படத்துக்குப் போட்ட உத்தரவு இல்லை, என் வீட்டுக் கதவில் ஒட்டின நோட்டீஸ் என்றுதான் எனக்குப் பட்டது.

என் தையல்நாயகி அக்காவைப் பாடாலூரில் கொடுத்திருந்தது. அவளுக்குக் கனகம் பிறந்தபோது எனக்குப் பத்து வயது. காது குத்துக்கு அரியலூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனோம். நான்தான் தாய்மாமன். எனக்குப் புது வேட்டி கட்டி மணையில் உட்கார வைத்து, குழந்தையை மடியில் கொடுத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை போட்ட சத்தத்தில் பயந்து நானும் சேர்ந்து அழுதேன். பாடாலூரில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "காது குத்துனது மருமவளுக்கு, கத்துனது மாமன்" என்று.

அப்புறம் நான் மலாயாவுக்கு வந்துவிட்டேன். திரும்பி ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டபோது கனகத்துக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஊரில் அது தாமதம் என்று பேச்சு. ஆனாலும் வேறு இடத்திலிருந்து ஒருத்தரும் பெண் கேட்டு வரவில்லை. முறைமாமன் கடலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் வேண்டாம் என்று சொன்னால்தான் மற்றவன் வாசலேற முடியும். கல்யாணப் பந்தலில் மாமன் வந்து குறுக்கே நின்றால் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு வைத்துச் சமாதானம் செய்த பிறகுதான் மேளம் கொட்டும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துரைக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

4

உத்தரவின் மேல் அப்பீல் உண்டு. மூன்று பேர் கொண்ட கமிட்டி. அதன் முன்னால் ஒரு கட்டுரை வாசிக்கலாம். இந்தப் படத்துக்காக மட்டும் வாதாடினால் வியாபாரி புலம்புகிறான் என்று தள்ளிவிடுவார்கள். ஒரு நாட்டுப் படம் இன்னொரு நாட்டுக்குப் போகும்போது அதை எப்படித் தணிக்கை செய்வது நியாயம் என்று பொதுவாக ஆராய்ந்து எழுது, அதற்குள் நம் படத்தை வை என்று ராவுத்தர் சொன்னார். மனிதர் பள்ளிக்கூடத்துக்கு மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை, ஆனால் யோசனை பிரமாதம்.

அப்பீல் மனு வாங்கவே நான் பட்ட பாடு தனி. ஒன்றாம் ஜன்னலில் மூன்றாம் ஜன்னலுக்குப் போ என்றார்கள். மூன்றாம் ஜன்னலில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும், இது ஒன்றாம் ஜன்னல் வேலை என்றார். நம் தாலுகா கச்சேரியையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்களோ என்று தோன்றியது. ஊர் ஞாபகம் வந்து கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முதலில் போட்ட திட்டம் புராணமும் சாஸ்திரமும். யார் யார் அக்கா மகளைக் கட்டினார்கள் என்று தேடித் தேடிச் சேர்த்தேன். ராவுத்தர் ஒரே வார்த்தையில் கவிழ்த்தார்.

"தொரைக்கு ஒங்க சாமி மேலயே மதிப்புக் கெடையாது. சாமியக் கொண்டாந்து சாட்சி வெக்கிறியே?"

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு நூல்நிலையத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து, எந்த நாட்டில் யாரை யார் கட்டலாம், எதைத் திரையில் காட்டலாம் என்று படித்தேன். படிக்கப் படிக்க வேடிக்கையாக இருந்தது. இங்கிலீஷ்காரனுக்கு அக்கா மகள் ஆகாது, சித்தப்பா மகள் ஆகும். நமக்கு சித்தப்பா மகள் தங்கை. நினைத்தாலே வாயைக் கழுவ வேண்டும். சீனருக்கு ஒரே குலப்பெயர் இருந்தால் போதும், எந்தக் காலத்து உறவாக இருந்தாலும் ஆகாது. ஒருவன் வீட்டில் விருந்து, இன்னொருவன் வீட்டில் தீட்டு.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அரியலூர் டூரிங் கொட்டகை ஞாபகம் வந்தது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தேன். மணல் குவித்து உட்கார்ந்திருக்கிறோம். திரையில் ஒரு துரையும் துரைசாணியும். புருஷன் பெண்டாட்டிதான். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போதே அவன் அவள் முகத்தருகே குனிந்தான். படக்கென்று திரை இருண்டது. மெஷின் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஆபரேட்டர் மெஷின் கண்ணாடிக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்துவிட்டார். ஐந்து விரலும் திரையில் பூதம் மாதிரி தெரிந்தன. ஜனம் விசிலடித்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "கைய எடுய்யா, முடிஞ்சுருக்கும்!" என்றது. கையை எடுத்தார். முடிந்திருந்தது. படம் மேலே ஓடியது.

இதுதான் என் கட்டுரைக்கு நடுத்தூண் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். அந்தத் துரையும் துரைசாணியும் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று அரியலூரில் யாரும் உத்தரவு போடவில்லை. இங்கே பார்க்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு கையை வைத்தார்கள், அவ்வளவுதான். கூச்சம் பார்க்கிறவனுடையது, குற்றம் படத்தினுடையதல்ல. எங்களுக்கும் அந்த மரியாதையைச் செய்யுங்கள் என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே நாலு தடவை வாசித்து ரசித்தேன்.

ராவுத்தருக்கு வாசித்துக் காட்டினேன். ரசித்துச் சிரித்தார். ஆனால் எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தி, "வைத்தி, இவ்வளவு கஷ்டம் வேணுமா? ஒரு வழி இருக்கு. கதையத் திருப்பி எழுதிக் குடுத்துடு. மாமன்ங்கற எடத்துல எல்லாம் கசின்னு போட்டுடு. தொரைக்குத் தமிழ் தெரியாது. கசின்னா அவனே கட்டிக்கிறவன்தான். நாளைக்கே பாஸாயிடும்" என்றார்.

நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? சரி மொதலாளி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

5

சாப்பிடும்போது கனகத்திடம் சொன்னேன். அவள் பரிமாறுவதை நிறுத்தினாள்.

"கசின்னா யாரு?"

சரோஜா பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள்: "சித்தப்பா பையன், பெரியப்பா பையன், அத்தை பையன், மாமா பையன், எல்லாரும் கசின்தாம்மா."

"அய்யய்யே! சித்தப்பா மவனையா கட்டிக்கிறது? கூடப்பொறந்தவனையா?" கனகம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன் மாமா, ஒழுங்கா இருக்கற கல்யாணத்த முறைகேடுன்னு அவன் சொன்னான்னு, நீங்க நெசமாவே முறைகேடா ஒண்ண எழுதிக் குடுப்பீங்களா?"

"படத்துல வர்றவங்களத்தானே புள்ள எழுதப்போறேன்?"

"படத்துல வர்றது நாந்தானே? காது குத்துல மடியில ஒக்காந்தது நாந்தானே? பாடாலூர்ல ஊர் கூட்டிக் கட்டுனீங்க. இங்க வந்து யாரோ ஒரு தொரை கோடு போட்டான்னு நான் ஒங்களுக்கு கசின் ஆயிடணுமா?"

அவள் விடவில்லை. கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். உள்ளங்கைக் கதைக்குச் சிரித்தாள். சீனர் கதைக்குத் தலையாட்டினாள். முறை, உரிமை, வழக்கம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனபோது, "நிறுத்துங்க" என்றாள்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. என்னையக் கேட்டாங்கங்கறத எங்க எழுதியிருக்கீங்க?"

"எதக் கேட்டாங்க?"

"அதுசரி! தெரியாதா ஒங்களுக்கு? எங்க அம்மா, ஒங்க அக்காதான், என்னையக் கேட்டாங்க. மாமன் கப்பல்ல வந்து எறங்கியிருக்கான், ஒனக்கு இஷ்டமா இல்லியா, இல்லன்னா இப்பவே சொல்லிடு, நான் என் தம்பிகிட்டச் சொல்லிக்கிறேன்னாங்க. ரெண்டு நாளு கழிச்சுத்தான் நான் பதில் சொன்னேன்."

பதினைந்து வருஷமாக எனக்கு இது தெரியாது. உரிமை இருக்கிறது, கட்டினேன் என்றுதான் இருந்தேன். என் அக்கா என்னிடம் மூச்சுவிடவில்லை.

"என்ன சொன்ன?"

"மாமா என்னையக் கப்பல்ல கூட்டிட்டுப் போவாரா, இல்ல இங்கியே விட்டுட்டுப் போயிடுவாரான்னு கேட்டுச் சொல்லுங்கன்னேன். கூட்டிட்டுப் போறான்னாங்க. அப்ப சரின்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் ராவுத்தரிடம் போய்க் கசின் வேலை முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார். வூட்ல ஒத்துக்கல என்றேன். "வூட்டு உத்தரவா? அதுக்கு மேல அப்பீல் கெடையாதுப்பா" என்று கையை விரித்துவிட்டார்.

கட்டுரையை இங்கிலீஷில் தட்டெழுதும் வேலையைச் சரோஜாவிடம் கொடுத்தேன். ஆபீசில் ஒரு பழைய மெஷின் இருக்கிறது; லீவு நாளில் வந்து பழகி வைத்திருந்தாள். என் இங்கிலீஷில் அவளுக்குப் பிடிக்காத இடங்களைக் கேட்காமலே திருத்திக்கொண்டு மளமளவென்று தட்டினாள். திடீரென்று சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். "இதை எழுதுகிறவனின் மனைவி, அவனுடைய மூத்த சகோதரியின் மகள்" என்ற வரியில் நிற்கிறாள்.

"அப்பா, இது இருக்கணுமா?"

"இருக்கணும்மா. ஒங்க அம்மா சொன்னது வரணும்னா இது வந்துதான் ஆகணும்."

"எங்க கிளாஸ்ல தெரிஞ்சா என்னை என்ன நெனைப்பாங்க? நான் யாருகிட்டயும் சொன்னதே இல்ல."

அவளை அதட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் பிறந்திருந்தால் இவள் இதைச் சொல்லிப் பெருமையடித்திருப்பாள். இங்கே பிறந்து வளர்ந்த பாவத்துக்குக் கூசுகிறாள். என் மகளுக்கே சொல்லிப் புரியவைக்க முடியாத விஷயத்தை மூன்று அந்நியர்களுக்கு எப்படிப் புரியவைப்பேன் என்று கலங்கினேன். "சரி, அந்த எடத்த மட்டும் விட்டுட்டு மிச்சத்தத் தட்டு" என்றேன். அவள் ஒரு வரிக்கு இடம் விட்டுத் தட்டி முடித்தாள். அந்த வரியை என் கையால் மையில் எழுதினேன்.

6

கமிட்டியில் ஒரு சீனச் சீமான், ஒரு மலாய்ப் பெரியவர், ஒரு இங்கிலீஷ் அம்மாள். தணிக்கைத் துரை ஓரமாக உட்கார்ந்து பைப் புகைத்துக்கொண்டிருந்தார். ராவுத்தர் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து என் பின்னால் அமர்ந்தார். அரியலூர்த் தமிழ் வாசனையோடு என் இங்கிலீஷை வாசித்தேன்.

குலப்பெயர் விஷயம் வந்ததும் சீனச் சீமான் நிமிர்ந்தார். உள்ளங்கைக் கதைக்கு மலாய்ப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அரியலூர்க் கொட்டகையில் இதே படம் ஓடிய சேதியையும் சொன்னேன். கப்பலில் வந்த நம் ஊர் ஆள் ஒருவர் சொன்னது அது. மைனர் பெண் கேட்டு வருகிற இடத்தில் ஜனம், "மொறமாமன் இருக்கறப்ப எவன்டா அவன்?" என்று கூச்சல் போட்டதாம். இந்தப் படம் வேறு மாதிரி முடிந்திருந்தால்தான் எங்கள் ஊரில் அது முறைகேடு, கொட்டகை மிஞ்சியிருக்காது என்றேன்.

இங்கிலீஷ் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வாசித்து முடிக்கும் முன்பே கையை உயர்த்தினார். "வழக்கம், உரிமை என்கிறீர்கள். எல்லாம் அந்த மாமனுடைய உரிமை. அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா?"

அடுத்த பக்கத்தில் அதுதான் இருந்தது. கையால் எழுதின வரியை வாசித்தேன். என் வாயால் அதை இங்கிலீஷில் சொல்வது அதுதான் முதல் தடவை. துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். அப்புறம் கனகம் சொன்னதை அப்படியே வாசித்தேன்: அக்கா கேட்டது, இவள் யோசித்தது, கப்பலில் கூட்டிப்போவாரா என்று கேட்டது.

"கூட்டி வந்தீர்களா?" என்றார் அம்மாள்.

"சிராங்கூன் ரோட்டில் இருக்கிறாள் அம்மா. இன்றைக்கு எனக்கு வாசிக்கப் பயம் வரக்கூடாது என்று விபூதி வைத்து அனுப்பினாள்."

அந்த அம்மாள் அப்போதுதான் சிரித்தார்.

மறு வாரம் உத்தரவு வந்தது. படம் காட்டலாம். தொடக்கத்தில் இது தென்னிந்தியாவில் சில சமூகங்களின் பழைய வழக்கம் என்று இங்கிலீஷில் ஒரு அட்டை காட்ட வேண்டும். முதல் ரீலில், சிறுவன் குழந்தையை மடியில் வைத்திருக்கும் காட்சியை மட்டும் வெட்டிவிட வேண்டும். அதையும் கடைசிக் காட்சியையும் சேர்த்துப் பார்த்தால் மற்ற ஜனங்களுக்குச் சங்கடமாக இருக்குமாம்.

ராவுத்தர் அல்லாவுக்கு நன்றி சொல்லி ஆபீஸ் முழுவதற்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். எனக்குக் காது குத்து போனதில் வருத்தம்தான். ஆனால் வாயைத் திறந்து என்ன கேட்பது? ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள் என்று கட்டுரை எழுதினவனே நான்தானே. கையை எங்கே வைப்பது என்று அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சாயந்திரம் கனகத்திடம் சொன்னபோது, "தாலி கட்டறது இருக்குல்ல? போதும் விடுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

7

போன சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோம். சரோஜா தன் வகுப்புச் சிநேகிதி மேய் லிங்கையும் கூட்டி வந்திருந்தாள். படத்தில் பாட்டு நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மேய் லிங், சரோஜா, கனகம், நான் என்று வரிசையாக உட்கார்ந்தோம். கொட்டகை முழுக்கத் திருச்சி, தஞ்சாவூர், அரியலூர் முகங்கள். அட்டை வந்தபோது ஒருத்தரும் வாசிக்கவில்லை. முறுக்குக் கடிக்கிற சத்தம்தான் கேட்டது.

முதல் ரீலில் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. தொட்டில் ஆடிற்று. உடனே படம் ஒரு குதி குதித்தது. பையன் ஸ்டேஷனில் ரயில் ஏறிக்கொண்டிருந்தான். நடுவில் இருந்தது போய்விட்டது. பின்வரிசையில் யாரோ, "என்னாடா இது, மடியில ஒக்கார வெக்காமயே மாமன் கெளம்பிட்டான்?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

கனகம் சரோஜாவின் பக்கம் சாய்ந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே, அங்கே நடப்பதைச் சொல்வது போலவே சொன்னாள்.

"இந்த எடத்துலதான் காது குத்துவாங்க. மாமன் மணையில ஒக்காந்திருப்பாரு, புதுவேட்டி. கொழந்தைய மடியில குடுப்பாங்க. ஆசாரி ஊசிய எடுத்ததும் கொழந்த அழுவும், மாமனும் சேந்து அழுவாரு. அப்புறம் அந்தக் கொழந்தையே வளந்து, ரெண்டு நாளு யோசிச்சு, அவரையே கட்டிக்கிறேன்னு சொல்லும்."

மேய் லிங் சரோஜாவின் கையைத் தட்டினாள். "உன் அம்மா என்ன சொல்கிறார்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

சரோஜா என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொன்னால்கூட நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். சின்னப் பெண், அவள் பாடு அவளுக்கு. திரையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன்.

"இங்கே ஒரு துண்டு குறைகிறது, வெட்டிவிட்டார்கள்" என்று அவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். கொட்டகைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே, நல்ல உரத்த குரல். "அந்தக் குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். அதை மடியில் வைத்திருக்கிற பையன் அதன் அம்மாவின் தம்பி, அவனும் சேர்ந்து அழுகிறான். வளர்ந்த பிறகு அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவளைக் கேட்கிறார்கள். அவள் சரி என்கிறாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்." கையை நீட்டி என்னைக் காட்டினாள். "அந்தப் பையன் இவர்தான். என் அப்பா."

மேய் லிங் முன்னால் குனிந்து என்னை நன்றாகப் பார்த்தாள். "நீங்களும் அழுதீர்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டுப் படத்தைப் பார்க்கத் திரும்பினாள். அவ்வளவுதான். ஒன்றும் இடிந்து விழவில்லை.

கனகத்துக்கு இங்கிலீஷ் புரியாது. என் முழங்கையைச் சுரண்டினாள்.

"என்னா மாமா சொல்றா அவ, ஒங்களக் காட்டி?"

"நீ சொன்னதத்தான் சொல்றா" என்றேன். திரையில் ரயில் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. கனகம் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப யாருக்குக் காது குத்துறாங்கன்னு அழுவுறீங்க?" என்று முந்தானையை நீட்டினாள்.